வருங்காலம் என்னும் ஊருக்குப் பன்னிரண்டு பெஞ்சுகள்

போர்வெனிர் என்றால் வருங்காலம்.
ஜலசந்திக்கு இந்தப் பக்கம், தீவின் மேற்கு ஓரம்;
தகரக் கூரையை ஆணியோடு பிடுங்கும் காற்று.
இங்கே நகராட்சியில் நான் கொள்முதல் எழுத்தர்.

"இருபது வருடம் உழைக்க வேண்டும்,
செலவு வைக்கக் கூடாது,
எதையும் நம்மிடம் கேட்கவே கூடாது"
என்றார் கவுன்சிலர் ட்ராகோ மிமிட்சா.
மாப்பிள்ளை பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.
கடலோர நடைபாதைக்குப் பெஞ்சு.

மார்ச்சில், இங்கே இலையுதிர்காலம்,
நான்கு மாதிரிகள் படகில் வந்து இறங்கின.
முழுக் கான்கிரீட் ஒன்று.
கிழிந்த வலைகளை உருக்கி வார்த்த
சாம்பல் நிறப் பிளாஸ்டிக் ஒன்று.
நாகம் பூசிய இரும்பு, நடுவில் ஒரு கைப்பிடி:
'ஒழுங்கான அமர்வுக்கு' என்றது விலைப்பட்டியல்;
யாரும் படுத்துவிடக் கூடாது என்று அர்த்தம்.
பிறகு லெங்கா மரம்,
கான்கிரீட் கால்களில் ஆறு பலகைகள்.

நிபால்டோ பய்யக்கார் பட்டியலைப் பிரிக்கவில்லை.
பதினான்கு வருடமாக இந்த ஊரின் பெஞ்சுகளுக்கு
அவர்தான் பெயிண்ட், அவர்தான் வைத்தியம்.
தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்.
ஒவ்வொன்றையும் கவிழ்த்துப்போட்டு வயிற்றைத் தடவினார்.
"மழைத்தண்ணீர் எங்கே தேங்கும்?
இந்த போல்ட் ஸ்லாவிட்சா கடையில் கிடைக்குமா?
கிடைக்காவிட்டால் அடுத்த சரக்குப் படகு வரை
ஊர் முக்கால் பெஞ்சில் உட்கார வேண்டும்."

குளிர்காலம் முழுக்க வெளியிலேயே விட்டோம்.

ஆகஸ்ட் கடைசியில் படிவத்தோடு போனேன்.
துரு, விரிசல், ஆட்டம், நிறம்: நான்கு கட்டங்கள்.
இரும்பில், கைப்பிடி ஒட்டிய இடத்தில்
தேநீர்க் கறை போலத் துரு வழிந்திருந்தது.
பிளாஸ்டிக், ஜூலையில் ஓர் இரவு எழுந்து நடந்துபோய்
படகுத்துறை வேலியில் சாய்ந்து நின்றது.
மரத்தில் ஒரு பலகை பிளந்திருந்தது,
ஒரு திருகு கழன்றிருந்தது,
யாரோ யானினாவின் பெயரைச் செதுக்கி
பாதியில் மனம் மாறியிருந்தார்கள்.
அறுபத்தொன்று.
கான்கிரீட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.
நூற்றுக்கு நூறு.

கையெழுத்துப் போடக் குனிந்தபோதுதான்
தரையைப் பார்த்தேன்.

கான்கிரீட்டின் முன்னால் புல்
சீவாத தலைபோல் அப்படியே நின்றது.
மரத்தின் முன்னால் பள்ளம்.
குதிகால்கள் தோண்டிய பள்ளம்,
அதில் உருகிய பனி,
பனிநீரில் ஓர் ஆரஞ்சுத் தோல்,
குழந்தையின் இடதுகைக் கையுறை.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

கான்கிரீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.
குளிர் இடுப்பில் ஏறிப் பல்லில் வந்து நின்றது.
"அது சாகாது" என்றார் நிபால்டோ,
"பிறந்தால்தானே சாவதற்கு."

கூட்டத்தில் மிமிட்சா கேட்டார்:
"நூறு வாங்கினதை விட்டுவிட்டு அறுபத்தொன்றா?"
பள்ளத்தின் புகைப்படத்தை மேசையில் வைத்தேன்.
கண்ணாடியை மாற்றிப் போட்டு வெகுநேரம் பார்த்தார்.
"இது பழுது" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
நாலுக்கு இரண்டு.
மாற்றுப் பலகை நாற்பது கேட்டோம்,
இருபத்துநாலு தந்தார்கள்.
பள்ளங்களுக்குச் சரளை என்று ஒரு வரியை
நானே கீழே சேர்த்துக்கொண்டேன்.

நவம்பரில் முதல் புகார் வந்தது:
மூன்று பெஞ்சுகள் கடலுக்கு முதுகு காட்டுகின்றன.
காட்சியும் காற்றும் ஒரே திசையிலிருந்து வரும் ஊரில்
அப்படித் திருப்பிப் போட்டது நிபால்டோ.
புகாரைக் கோப்பில் வைத்துவிட்டு நடக்கப் போனேன்.
கடையைச் சாத்திவிட்டு வந்த ஸ்லாவிட்சா
அந்த மூன்றில் ஒன்றில் உட்கார்ந்து
தொப்பியைப் பிடிக்காமல் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.
ஏழாவதில் யாரோ ஒரு மீனவர்
கைப்பிடி இல்லாத நீளம் முழுக்கத் தூங்கினார்.
எண்ணெய் டப்பாவும் துணியுமாக வந்த நிபால்டோ
ஏழைத் தாண்டி
எட்டிலிருந்து ஆரம்பித்தார்.